ஓபல் பட்டறையில் ஓர் 'இரத்தினபுரி' ஆள்

ஓபல் தொழிலில் கல் வெடிப்பதற்கு முன்னால் அதைப் பிடித்திருப்பவனுக்கு நெஞ்சு வெடித்துவிடும். ஏழு நிறமும் காட்டிக்கொண்டிருக்கும் கல், அரைக்கும் சக்கரத்தில் கொஞ்சம் சூடு ஏறினால் போதும், 'டக்' என்று இரண்டாகிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே நான் இளைத்துப் போனேன். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டு, இன்றைக்குப் பிடிபடுவேனா நாளைக்கா என்று எண்ணிக்கொண்டே வேலை பார்க்கும் என் இனத்தவர்களே, இது உங்களுக்காகத்தான்.

ஒரே ஒரு 'ஓம்'

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள். ஜேர்மனியில், ஹம் நகரில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மனைவி றோஸ்மேரி மன்னாரில் விசாவுக்காகக் காத்திருந்தாள். எனக்கு நிரந்தர வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவளுடைய விண்ணப்பம் நகராது என்று விசா அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பெண்மணி என் காகிதங்களில் இலங்கை என்று இருப்பதைப் பார்த்தார். உடனே முகம் மலர்ந்து, கல் பட்டை தீட்டுவதற்குப் பேர்போன இடார்-ஓபர்ஸ்டைன் என்ற ஊருக்கு என்னை அனுப்பிவைத்தார்.

பட்டறை முதலாளி ஹெர் கெல்லருக்கு ('ஹெர்' என்றால் ஜேர்மன் மொழியில் 'திரு') அறுபது வயதுக்கு மேலிருக்கும். என்னைக் கண்டதும் "சிலோன்! இரத்தினபுரி! நீலக்கல்!" என்று எழுந்தே நின்றுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் நாட்டில் கல் தோண்டும் அந்த இரத்தினபுரி எந்தப் பக்கம் என்று கூட எனக்குச் சரியாகத் தெரியாது. மன்னாரில் நான் செய்தது கருவாட்டு வியாபாரம். வாழ்நாளில் கை வைத்த கல் என்றால் அம்மி ஒன்றுதான். "உங்களுக்குக் கல் பழக்கம்தானே?" என்று கேட்டார். றோஸ்மேரியின் முகம் கண் முன்னே வந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே ஓம் என்று சொல்லிவிட்டது.

"அப்ப நல்லது. சிலோன் ஆளுக்குக் கல்லைப் பற்றி நான் என்னத்தைச் சொல்லித் தாறது?"

குப்பைக்குப் போன கல்

முதல் நாள் ஒரு தட்டு நிறைய வெட்டாத ஓபல் கற்களைக் கொடுத்து நல்லது வேறு, கழிவு வேறாகப் பிரிக்கச் சொன்னார்கள். எல்லாமே உடைந்த பீங்கான் துண்டு மாதிரித்தான் இருந்தன. நானும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அழுக்கு நிறத்தில் இருந்த ஒன்றைக் கம்பீரமாகக் குப்பைத்தொட்டிக்குள் போட்டேன். பக்கத்து மேசையில் இருபது வருடமாக மெருகேற்றும் வேலை செய்யும் ரெனாற்ற என்ற பெண்மணி ஓடிவந்தார். தொட்டிக்குள் கையை விட்டு அந்தக் கல்லை எடுத்து, நாக்கால் ஒரு நக்கு நக்கினார். ஈரம் பட்டதும் கல்லுக்குள்ளிருந்து நெருப்பு மாதிரிச் சிவப்பு எழும்பியது.  அன்றைய தட்டில் இருந்ததிலேயே நல்ல கல் அதுதானாம்.

அந்த நேரம் பார்த்து ஹெர் கெல்லர் பின்னால் வந்து நின்றார். கல்லை வாங்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதிலை என்ன நிறம் தெரியுது?" என்று கேட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, கண்டதைச் சொன்னேன். நடுவில் சிவப்பு, கரையில் கொஞ்சம் பச்சை. அவர் தலையை ஆட்டிவிட்டு அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் இதே கேள்வி. காலையில் கேட்பார், மத்தியானம் கேட்பார், நான் கோப்பி குடிக்கும்போதும் கல்லோடு வந்து நிற்பார். எனக்கு இது தினப் பரீட்சை. நான் உட்கார்ந்த கதிரையில் முன்பு அவருடைய மனைவி ஹில்டா இருந்தவராம். அவர் இறக்கும்வரை அவர் பார்க்காத ஒரு கல்லும் பட்டறையை விட்டுப் போனதில்லையாம். அப்படிப்பட்ட கதிரையில் இருந்துகொண்டா குப்பைத்தொட்டியில் கல்லைப் போட்டேன் என்று நினைத்துக் கதிரையின் நுனிக்கு நகர்ந்தேன். ரெனாற்ற என்னை விடவில்லை.

"உங்கட இரத்தினபுரியிலை நல்ல கல்லைக் குப்பைக்கை போட்டுத்தான் பழுக்க வைக்கிறவையோ?"

பாலில் ஊறிய சுக்கிரன்

எசன் நகரிலிருந்து ஒரு தமிழ் அக்கா வந்தார். மகளுக்குச் சுக்கிரன் சரியில்லை, வைரம் போடவேண்டும், வைரத்துக்குப் பதிலாக ஓபலும் போடலாம் என்று சாத்திரியார் சொன்னாராம். போன மாதம் எங்களிடம் மோதிரம் வாங்கிப் போனவர். இப்போது கைப்பையிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சில் மோதிரம் கிடந்தது. கல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சில்லு. பக்கத்தில் வெங்காயத் தோல் மாதிரி மங்கிப்போன மெல்லிய தகடு.  அதை ஒட்டியது நான்தான்.

விஷயம் இதுதான். மெல்லிய ஓபலைக் கறுப்புக் கல்லின் மேல் பசையால் ஒட்டுவது இங்கே வழக்கம். அப்படி ஒட்டினால் நிறம் எடுப்பாகத் தெரியும். ஒட்டுக் கல், தண்ணீரில் ஊறவைக்கக்கூடாது என்று கண்ணாடி அலுமாரியில் ஜேர்மன் மொழியில் எழுதி வைத்திருந்தோம். அதை யார் வாசித்தது? அக்கா முறைப்படி, வெள்ளிக்கிழமை மகளுக்குப் போடுவதற்காக, ஒரு கிழமை முழுக்கச் சூடான பாலிலும் மஞ்சள் தண்ணீரிலும் மாறி மாறி மோதிரத்தை ஊறப்போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை விடிய எடுத்துப் பார்த்தால் கல் இரண்டு. அவர் பட்ட அதிர்ச்சியைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை கண்ணைத் துடைத்தார். ஹெர் கெல்லர் அந்தத் தகட்டை எடுத்து என்னிடம் நீட்டி, "சிவப்பு இன்னும் இருக்கோ?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். மனுசன் இந்த நேரத்திலும் பரீட்சை வைக்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. மங்கலாக இருக்கிறது என்றேன். ஒட்டில்லாத முழுக் கல் ஒன்றை அதே மோதிரத்தில் பதித்துக் கொடுக்கச் சொன்னார். அக்காவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"தம்பி, இந்தச் சுக்கிரனாவது ஒரே ஆளோ, இல்லாட்டி இவருக்கு உள்ளையும் வேற ஆள் இருக்கிறாரோ?"

நிலத்துக்குக் கீழே ஒரு படுக்கை

அடுத்த வருடம் ஹெர் கெல்லர் என் தலையில் ஒரு குண்டைப் போட்டார். ஓபல் வாங்க அவுஸ்திரேலியாவுக்குப் போகவேண்டும், நீங்களும் வரவேண்டும். "திரும்பி வந்ததும் உங்கட நிரந்தர ஒப்பந்தத்தைப் பற்றிக் கதைப்பம்" என்றார். அதாவது இதுவரை நடந்தது எல்லாம் வகுப்புப் பரீட்சை. இனித்தான் பொதுப் பரீட்சை. இதில் கோட்டை விட்டால் றோஸ்மேரி மன்னாரிலேயே இருக்கவேண்டியதுதான்.

விமானத்தால் இறங்கி ஒரு நாள் முழுக்கக் காரில் போனோம். மரம் என்று ஒன்றும் இல்லை. செம்மண், பிறகும் செம்மண். பிறகு பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை மண் குவியல்கள். ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் வாய் திறந்த குழி, மூடி கிடையாது. படம் எடுப்பவர்கள் பின்னால் பார்க்காமல் அடி வைக்கவேண்டாம் என்று பலகை வேறு நட்டிருந்தார்கள். வெயில் தாங்காமல் அந்த ஊரில் சனம் பாறையைக் குடைந்து நிலத்துக்குள் வீடு வைத்திருக்கிறது. தேவாலயமும் நிலத்துக்குள். உள்ளே போய் முழங்காலில் நின்று என் பொய்க்காக மன்னிப்புக் கேட்டேன். தலைக்கு மேலே பாறை, அதற்கு மேலேதான் வானம். கேட்டதோ என்னவோ. எனக்குத் தந்த அறையில் யன்னல் இல்லை, சுவரில் பாறை குடைந்த தழும்பு. தொலைபேசி அட்டை போட்டு மன்னாருக்கு எடுத்து றோஸ்மேரிக்கு நிலைமையைச் சொன்னேன். 

"இஞ்சேருங்கோ, நான் இன்னும் வந்து சேரேல்லை, அதுக்குள்ளை நீங்கள் குழிக்கை இறங்கிட்டீங்களே!"

எப்படி உண்டானது?

கல் விற்பவர் கிரேக்க நாட்டிலிருந்து இளவயதில் வந்தவர். பெயர் ஸ்தாவ்ரோஸ். எங்களை இரும்பு ஏணியில் தன் சுரங்கத்துக்குள் இறக்கினார். சுவரில் விளக்கைப் பிடித்தார். வெளிறிய மணற்பாறையில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் மயில் கழுத்து நிறமெல்லாம் ஓடியது. இவ்வளவு நாளும் தட்டில் கிடந்த துண்டுகளையே பார்த்தவன் நான். கல் தான் பிறந்த இடத்தில் படுத்திருப்பதைக் கண்டதும் உடம்பு புல்லரித்தது. பொய்யை மறந்து, நிபுணன் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன். "இது எப்படி உண்டானது?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.  ஸ்தாவ்ரோஸுக்கோ வாய் கொள்ளாத சந்தோஷம். இந்த இடம் ஒரு காலத்தில் கடலாம். இங்கே ஓபலாக மாறிய சிப்பிகள்கூட அகப்படுமாம். கடல் போனபின் மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, மணலில் கொஞ்சத்தைக் கரைத்துக்கொண்டு போய், கீழே வெடிப்புகளில் தேங்கி, கணக்கில் அடங்காத காலம் கிடந்து இறுகியதாம். இறுகும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகள் ஒரே அளவில் வரிசையாக அடுக்குப்பட்டால் வெளிச்சம் அதில் பட்டுப் பிரிந்து நிறம் காட்டும். வரிசை குழம்பினால் வெறும் சாம்பல் கல். இதிலும் ஆளுக்கொரு கதை உண்டாம், படித்தவர்களே இன்னும் சண்டை பிடிக்கிறார்களாம். மணலும் தண்ணீரும்தானா இவ்வளவு பெயர் எடுத்தது என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். உள்ளே தண்ணீர் இன்னும் இருக்கிறதாம், அதனால்தான் சூடு பட்டால் வெடிக்கிறது. அந்த 'டக்' சத்தத்துக்கு அன்றுதான் விளக்கம் கிடைத்தது. ஸ்தாவ்ரோஸ் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினார், சிவப்பு மறைந்து பச்சை வந்தது. ஹெர் கெல்லர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார், ஸ்தாவ்ரோஸ் சிரித்தபடி கதையை முடித்தார்.

"கல்லுக்குள்ளை நிறம் எண்டு ஒண்டும் இல்லை, பார்க்கிற ஆளுக்குத்தான் அது இருக்கு."

மேசையில் இரண்டு கல்

மேலே வந்து ஸ்தாவ்ரோஸின் மேசையில் உட்கார்ந்தோம். அவர் இரண்டு கற்களை வைத்தார். ஒன்று சிவப்பு, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. மற்றது பச்சை. அதுவும் நல்ல கல்தான், ஆனால் சிவப்புக்குக் கிட்டவும் வராது. ஒன்றைத்தான் தருவேன், எது வேண்டும், சொல்லுங்கள் என்றார். ஹெர் கெல்லர் நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு பச்சையை எடுத்து உயர்த்தி, "இந்தச் சிவப்பைப் போல நான் கண்டதில்லை" என்றார். ஸ்தாவ்ரோஸ் கண் இமைக்கவில்லை.  இதுவும் சோதனையா? விற்பவன் முன்னால் முதலாளியைத் திருத்தினால் என் வேலை போகும். திருத்தாவிட்டால் கல் போகும். ஜேர்மன் மொழியில், காதோடு காதாக, "அது பச்சை. சிவப்பு மற்றது" என்றேன். அவர் கல்லைக் கீழே வைத்து, சிவப்பைத் தொட்டு, "இது" என்று சொல்லி எழுந்து வெளியே போய்விட்டார்.

பேச்சை முடித்துக் கல்லை வாங்கிக்கொண்டு நான் ஓடிப்போனபோது காரில் சாய்ந்து நின்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடிந்ததுதான் முடிந்தது, பாரத்தையாவது இறக்குவோம் என்று கொட்டிவிட்டேன். நான் இரத்தினபுரியைக் கண்ணாலும் கண்டதில்லை, விற்றது கருவாடு, மனைவியின் விசாவுக்காகப் பொய் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் மண் குவியல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். அது முதல் நாளே தெரியும், குப்பைத்தொட்டிக் கதையை ரெனாற்ற அன்றைக்கே சொல்லிவிட்டாள் என்றார். பிறகு சொன்னதைக் கேட்டு எனக்கு நிலம் நழுவியது. அவருக்குப் பிறந்ததிலிருந்தே சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தானாம். அப்பாவுக்குப் பிறகு பட்டறை இவர் கைக்கு வந்தது, வெளியே சொன்னால் யார் கல் வாங்குவார்கள்? ஹில்டா இருந்தவரை அவள் பார்த்துச் சொல்வாள், இவர் விற்பார். ரெனாற்றவுக்குக்கூடத் தெரியாதாம். நான் பரீட்சை என்று நினைத்து வியர்த்த ஒவ்வொரு கேள்வியும், உண்மையில் தெரியாமல் கேட்ட கேள்வி. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. எத்தனை பேர் இருக்க ஏன் என்னை வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"கல் தெரிஞ்ச ஆள் தனக்கு லாபமானதைச் சொல்லுவான், ஒண்டும் தெரியாத நீங்கள் கண்டதைச் சொன்னீங்கள்."

திரும்பி வந்த கிழமையே நிரந்தர ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த கோடையில் றோஸ்மேரி வந்து இறங்கினாள். பட்டறையைக் காட்டக் கூட்டிப்போனபோது சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் ஒப்பந்தத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, அதில் என் தொழிலுக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று கேட்டாள். 'இரத்தினக்கல் நிபுணர்' என்று மொழிபெயர்த்துச் சொன்னேன், அவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல் தெரியாத நானும் நிறம் தெரியாத ஹெர் கெல்லரும் அதற்குப் பிறகும் பல வருடம் சேர்ந்து இருந்தோம், ஊரில் யாருக்காவது ஓபலில் சந்தேகம் வந்தால் நேரே எங்களிடம்தான் கேட்க வருவார்கள்.