ராக்கப்பனின் சைக்கிளும் கம்பம்மெட்டு இறக்கமும்

என் தங்கை ஜக்கம்மாவைக் காமயகவுண்டன்பட்டியில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை ராக்கப்பனுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம், ரெண்டு மாடு, ஒரு சைக்கிள். இதில் மனுஷன் எதைக் கட்டிக்கொண்டு அழுதான் என்று கேட்டால் ஊரே சைக்கிளைக் கை காட்டும். ஓய்வு கிடைத்தால் சினிமாவுக்குப் போகிறவன் உண்டு, சீட்டாடுகிறவன் உண்டு. இவன் கம்பம்மெட்டு மலைப்பாதையில் சைக்கிளை மிதித்து ஏறி, உச்சியில் ஒரு டீயைக் குடித்துவிட்டு இறங்கி வருவான். சுமை ஏற்றிப்போய் நாலு காசு பார்த்தாலும் பரவாயில்லை. சும்மா போவான், சும்மா வருவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வண்டிக்கு அவன் வைத்திருந்த சட்டதிட்டம் கொஞ்சமா? மட்கார்டு கிடையாது, சேறு அடைக்குமாம். செயின் கவர் கிடையாது, சடசடவென்று சத்தம் வருமாம். மலைக்குப் போகிற அன்று டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவான், அப்போதுதான் கல்லில் துள்ளாமல் ஒட்டிப்போகும் என்பான். ஏறும்போது சீட்டை உயர்த்துவான், இறங்கும்போது ஸ்பேனரைப் போட்டுத் தாழ்த்துவான். கேரியரில் எப்போதும் ஒரு கயிறும் சின்ன அரிவாளும் இருக்கும். பின்னால் ஆளோ பாரமோ இருந்தால் வழியில் ஒரு மரக்கிளையை வெட்டி, கேரியரில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டே இறங்குவான். மலையில் பாரம் இறக்குகிற சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். கிளை இழுபட இழுபட வேகம் அடங்கும். பிரேக் கட்டையை மட்டும் அவனைத் தவிர யாரும் தொடக் கூடாது. ஜக்கம்மா அந்த வண்டிக்கு வைத்த பெயர் சக்களத்தி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அதன்மேல் விரலை வைத்ததில்லை.

எழுபத்தைந்தாம் வருஷ வாக்கில் நான் மலைமேல் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நல்ல மழை. மறுநாள் காலையில் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. பஸ் நின்றால் என்ன, எங்கள் மாப்பிள்ளை நிற்பானா? சரிந்த மண்ணில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி, பூஜைப் பொரிகடலையை ஒரு பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, என் குடிசை முன்னால் வந்து இளித்தான்.

"அருவாளு எங்க மாப்ள?" என்றேன்.

"சாமி முன்னாடி கெடக்கு மச்சான். மறுபூசை ஆகாம எடுத்தா ஒங்க தங்கச்சி என்னைய வெட்டிப்புடுவா. அவ முழிக்கிறதுக்குள்ள வண்டிய மட்டும் நைசா உருட்டிட்டு வந்துட்டேன்."

வந்தவனுக்கு டீ போடலாம் என்று விறகை எடுக்கப் போனேன். விறகுக்குள் கிடந்த விரியன் கணுக்காலில் போட்டுவிட்டது.

நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் பாம்பை அடித்துப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முருகம்மாள் என்ற வேலைக்காரப் பொம்பளை தன் முந்தானையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே கட்டினாள். கம்பத்துப் பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டால் பிழைக்கலாம், போடாவிட்டால் இல்லை. பஸ் கிடையாது. ராக்கப்பன் அரிவாள் கேட்டான். தோட்டத்து ஆயுதமெல்லாம் பூஜை போட்டு ஸ்டோருக்குள் பூட்டிக் கிடந்தது, சாவி சூப்பர்வைசரோடு ஊருக்குப் போயிருந்தது.

"கிளை வேணாம், பிரேக் கட்டை புதுசு" என்று சொல்லி என்னைக் கேரியரில் உட்கார வைத்தான். "இடுப்பக் கட்டிக்கங்க. நான் சாயிற பக்கம் நீங்களும் சாயணும். எதுத்துச் சாஞ்சிகன்னா ரெண்டு பேரும் காலி."

முதல் வளைவு வரை வண்டி சரியாகத்தான் போனது. அதற்கப்புறம் பாதை சரிந்தது. அவன் பிரேக்கைப் பிடிப்பது முதுகில் தெரிந்தது. வண்டி கேட்கவில்லை. இன்னும் அழுத்தினான். காற்று காதில் இரைந்தது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றுமே இல்லை, அடியில் கம்பத்து வயல்கள் சின்னதாகத் தெரிந்தன.

"மாப்ள, மெதுவாடா!"

"பிடிக்கல மச்சான்!"

அவன் குரலில் பயத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். விஷம் கொல்லுமா, பள்ளம் கொல்லுமா என்று தெரியாமல் குலசாமியைக் கூப்பிட்டேன். எதிரே கொண்டை ஊசி வளைவு வந்தது. அவன் திரும்பவே இல்லை. செருப்புக் காலை முன் டயரில் வைத்து அழுத்திக்கொண்டு, மலைப்பக்கத்துச் சாக்கடைக்குள் வண்டியை நேராக விட்டான். ரெண்டு பேரும் சேற்றில் போய் விழுந்தோம்.

எழுந்ததும் அவன் என்னைப் பார்த்தான், உயிர் இருந்தது. பிறகு பிரேக் கட்டை பிடிக்கிற ரிம்மைத் தடவி விரலை முகர்ந்தான். என் மூக்கிலும் வைத்தான். தேங்காய் எண்ணெய்.

ஜக்கம்மா! ஆயுத பூஜைக்கு வண்டி பளபளக்கட்டும் என்று சந்தனம் குங்குமம் வைத்ததோடு நில்லாமல், தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை எடுத்து ரிம் முழுக்க மெழுகியிருக்கிறாள். ஏறும்போது பிரேக் தேவைப்படவில்லை, அவனுக்குத் தெரியவில்லை.

"கொன்னுட்டாளே பாவி! அறிவிருக்கா அவளுக்கு?" என்று கத்தினேன். கால் தொடை வரை கனத்துக்கிடந்தது.

அவன் துண்டால் துடைத்தான், வழவழப்பு போகவில்லை. ஈரமண்ணை அள்ளித் தேய்த்தான், மண் வழுக்கியது, எண்ணெய் இருந்தது. நான் வாந்தி எடுத்தேன். அப்போதுதான் ஹேண்டில்பாரில் தொங்கிய பை அவன் கண்ணில் பட்டது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன் எதைப் போட்டுத் தேய்ப்பான்? கடலைமாவைத்தானே! பையிலிருந்த பொட்டுக்கடலையைப் பாறைமேல் கொட்டிக் கல்லால் நுணுக்கினான். அந்த மாவை ரிம்மில் அப்பி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்தான். பிரேக் கட்டைகளையும் கழுவி மாவில் புரட்டினான்.

"கண்ண மூடாதிக மச்சான். என்னையத் திட்டுங்க. வழக்கமா திட்டுவிகள்ல, திட்டுங்க."

திட்டினேன். அவன் சைக்கிளை, அவன் டவுசரை, அவனுக்குப் பெண் கொடுத்த என் புத்தியை, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே கேரியரில் ஏறினேன். இந்தத் தடவை பிரேக் கிறீச்சிட்டது. அத்தனை இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

மண் சரிந்த இடத்தில் என்னை முதுகில் தூக்கி அந்தப் பக்கம் கிடத்திவிட்டு, திரும்பிப் போய் வண்டியைக் கொண்டுவந்தான். மண்ணோடு சரிந்து முறிந்த கிளைகள் அங்கே கிடந்தன. நல்ல அடர்த்தியாக ஒன்றைப் பார்த்துக் கேரியரில் கட்டினான். அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பாதிதான் தெரியும். பின்னால் கிளை சரசரத்தது. அவன் முதுகு வேர்வையில் நனைந்திருந்தது. "திட்டுங்க மச்சான், திட்டுங்க" என்ற குரல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். தலைமாட்டில் ஜக்கம்மா அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அந்தச் சக்களத்தியத்தான் மொதத்தடவையாத் தொட்டு, எண்ணெய் போட்டுப் பொட்டு வச்சுக் கும்பிட்டேன். அந்தச் சாமிதாண்ணே ஒன்னையக் கொண்டாந்து சேத்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் ஊசி போட்ட கையைக்கூடத் தூக்கிவிட்டேன். கால்மாட்டில் நின்ற ராக்கப்பன் என் நல்ல காலைப் பிடித்து அமுக்கினான்.

"ஆமா ஜக்கம்மா, நீ தொட்டதாலதான்" என்றான்.

அவள் காப்பி வாங்கப் போனதும் கேட்டேன்: "ஏண்டா, செத்துப்போயிருப்பமேடா. ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

"சொன்னா இனிமே தொட மாட்டா மச்சான்" என்றான். "நான் மலைக்குப் போகையிலெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டவ. இப்பத்தான் தொட்டிருக்கா."

ஜக்கம்மா கொண்டுவந்த காப்பியை வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர்கள் வீட்டில் இருந்தேன். ஜக்கம்மா ரிம்மில் எண்ணெயை ஊற்றி அழுந்தத் தேய்த்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, "அந்தக் கம்பியையும் தேய்யி" என்று எடுத்துக்கொடுத்தான். மறுநாள் விடியும்போது மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஏதோ அரைபடுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ராக்கப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜக்கம்மாவுக்குக் கேட்காதபடி மெல்லப் பொட்டுக்கடலை நுணுக்கிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, மாவில் கொஞ்சம் அள்ளிப் பின் சக்கரத்தைத் தேய்க்கலானேன்.