மாதா படம் இருந்த பக்கம்

1964 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஆறு மணிக்கு வார்டுக்குள் நுழைந்து ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். மருந்து அலமாரியைச் சரிபார்த்துவிட்டுக் கோடியறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் சேலத்து லாரி ஓட்டுநர்.

முந்தின நாள் அவருக்கு மண்டையில் ஆபரேஷன் நடந்திருந்தது. மூளை வீங்கினால் இடம் வேண்டுமென்று, வெட்டியெடுத்த வலப்பக்கத்து எலும்பை டாக்டர் திரும்ப வைக்கவில்லை. அங்கே தோல் மட்டும்தான். அந்தப் பக்கம் அழுத்தம் படக்கூடாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தோம். கழுத்து கோணாதபடி இருபுறமும் மணல் பைகள். இடப்பக்கமாகவும் மல்லாந்தும் மாற்றி மாற்றிப் படுக்க வைப்பது என் பொறுப்பு. வலப்பக்கம் கூடாது என்று அவர் மனைவியிடமும் சொன்னேன். "சரிங்க சிஸ்டர்" என்றாள். வலப்பக்கச் சன்னலில் மாதா படத்தைச் சாய்த்து வைத்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் வேறொருவருக்குக் கட்டு மாற்றிவிட்டு வந்தேன். ஓட்டுநர் வலப்பக்கமாகக் கிடந்தார். மூச்சு குறட்டைபோல இழுத்தது. வார்டு ஆயாவும் நானும் அவரைத் தலை, கழுத்து, உடல் எல்லாம் ஒன்றாக மல்லாத்தினோம். இமையைத் தூக்கினேன். வலது கண்மணி விரிந்திருந்தது; உள்ளே மூளை அழுந்துவதன் அடையாளம். டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்.

"யாரும்மா திருப்பினது?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நானும் கொழுந்தனுந்தாங்க. மாதாவுக்கு முதுகு காட்டிட்டே படுத்திருந்தாருங்க. வேண்டுனா எப்படிங்க கேக்கும்?"

"ஏஞ்சாமி, மொகத்தப் பாத்தாத்தான் மாதாவுக்கு ஆளு தெரியுமாக்கும்? முதுகப் பாத்தா அடையாளம் தெரியாதா?" என்றாள் ஆயா.

மனைவி சிரிக்கவில்லை. "எங்க ஊட்டுல படத்துக்கு யாரும் முதுகு காட்ட மாட்டோமுங்க."

அவள் விரலைப் பிடித்து என் காதுக்கு மேலே அழுத்தினேன். "இங்கே எனக்கு எலும்பு இருக்கு. அவருக்கு இல்லை. தலையணை நேரா மூளையை அழுத்தும்."

சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். "எலும்பே இல்லீங்களா?"

டாக்டர் வந்து ஊசி போட்டார். விளக்கேற்றும் வேளையில் நான் கிளம்பியபோது மூச்சு கொஞ்சம் தணிந்திருந்தது. கண்மணி சுருங்கவில்லை. வீட்டில் போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது.

மறுநாள் காலை நேரே கோடியறைக்குப் போனேன். மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை. எங்கே வைப்பதென்று தெரியாமல் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். முக்காலியைக் கட்டிலின் இடப்பக்கம் இழுத்துப் போட்டு, தலையணை உயரத்துக்குத் துணியை மடித்து அடுக்கி, அதன்மேல் படத்தை வாங்கி வைத்தேன். ஊசிகளை அதன் பிறகுதான் கொதிக்கப் போட்டேன்.