அழுது அனுப்பியவர்கள் முன்னால் திரும்பி வந்தோம்

கலியாணமாகிப் பல வருடம் கழித்து ஹட்டனில் ஓர் உளவளத்துணை வகுப்புக்குப் போயிருந்தேன். அன்றைக்கு இருத்தலியல் சிகிச்சை பற்றிய பாடம். "உங்களுக்காக எல்லாரும் அழுது முடித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் நீங்கள் எழுந்து வருகிறீர்கள். மிச்ச வாழ்க்கையை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் விரிவுரையாளர். எல்லாரும் கண்ணை மூடி யோசித்தார்கள். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. எனக்குத்தான் அது நடந்தே முடிந்துவிட்டதே!

எழுபதுகளின் கடைசி. இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் மாமனார் சாவதற்கு முன்பே குடும்பமே இந்தியாவுக்குத் திரும்பிப் போவதாக அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஒழுங்காக வாழவில்லை. நல்ல சேலை, பித்தளைக் குடம், புதுத் தட்டு எல்லாம் பயணப் பெட்டிக்குள். சாப்பாடு நசுங்கிய தட்டில். எங்கள் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் நாலு அவரை விதை ஊன்றலாமா என்று கேட்டால், "போற எடத்துல பாத்துக்கலாம் புள்ள" என்பார் என் வீட்டுக்காரர். போகிறவர்கள் எதையும் நடுவதில்லை. அதுதான் வழக்கம்.

ஒருநாள் பயணத் தேதி வந்தது. லயமே சேர்ந்து ஆடு அடித்து விருந்து வைத்தது. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் சண்டையில் இரண்டு வருடம் முகம் பார்க்காத பக்கத்து வீட்டு அக்கா, என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துத் தன் கோழியையும் கொடுத்தார். அதைக் குழம்பாக்கிக் கட்டுச்சோற்றோடு கோச்சி ரயில் ஏறினோம்.

தலைமன்னாரில் கப்பலுக்கு முன்னால் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "இந்தப் பிள்ளையின் பெயர் எங்கே?" என்றார். எப்போது போவோம் என்றே கிடந்த எங்களுக்கு, இடையில் பிறந்த ஏழு மாத மகளைப் பதிய வேண்டும் என்று தோன்றவேயில்லை! பதிந்துவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றேன். "என்னம்மா, ஊரெல்லாம் சுத்திப் பாத்தாச்சா?" என்றார் கங்காணி. மலையே சிரித்தது. பக்கத்து வீட்டு அக்காதான் அதிகம் சிரித்தார். "கோழி எங்கடி?"

அன்று மாலை என் வீட்டுக்காரர் மகளைப் பதியும் படிவத்தை எடுத்து வைத்தார். லிந்துலையில் இருந்த அம்மாவையும் இந்தக் குளிரையும் விட்டுப்போக எனக்கு மனமில்லை. ஆனாலும் கேட்டேன்: "போகணும்னு நெனைக்கிறது நீங்களா, மாமாவா? நீங்க போகணும்னா நானும் வாரேன். ஆனா நீங்கதான் சொல்லணும்."

"அப்பா எழுதுனாரு. என்னைய யாரும் கேட்டதில்லையே" என்றார். படிவத்தை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, புதுத் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சோத்தப் போடு."

இருவரும் அந்தத் தட்டிலேயே சாப்பிட்டோம்.

மறுநாள் லயத்துக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றார். "என்ன நடலாம்?"

"பேரி மரம்."

"காய்க்க ஆறேழு வருஷமாகுமே புள்ள!"

"ஆகட்டும். நமக்கென்ன அவசரம்?"

முதல் காயைப் பறித்துக் கடித்தது, பாஸ்போர்ட்டில் பெயர் இல்லாத எங்கள் மகள்தான்.