எங்கள் தெரு இருந்த சுவர்

இன்று காலை ஆறு நாற்பதுக்கு ஜன்னலைத் திறந்ததும் எதிர்வீட்டுச் சுவர் பாதி வெள்ளையாகத் தெரிந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாடை வந்தது. எண்பதுகளில், வேலூர்ச் சாக்கடையோரக் குடிசைப் பிள்ளைகளான எங்களை ஓவியம் கற்றுத்தரும் முகாமுக்கென்று அழைத்துப்போய் மலைமேல் ஜமுனாமரத்தூரில் தங்கவைத்த ஓட்டுக் கொட்டகை, இன்று இல்லாத அந்தக் கொட்டகை, இந்த வாடையோடுதான் நினைவுக்கு வரும். கரியை இடித்து, செம்மண்ணைத் துணியில் சலித்து, புளியங்கொட்டைப் பசையில் குழைத்து அதன் சுவரில் நாளெல்லாம் வரைந்தோம். மலையை வரையச் சொன்னார்கள். நாங்கள் எங்கள் தெருவை வரைந்தோம். செல்வி தன் வீட்டு வாசலில் அம்மாவை நிற்கவைத்திருந்தாள்.

நாங்கள் வரைந்ததைக் கண்காட்சியாகத் திறந்துவைக்கப் பெரிய அதிகாரி வரும் நாளில்தான் முகாம் பொறுப்பாளர் சுவரைப் பார்த்தார்.

"இன்னாடா இது, மலைக்கு இட்டாந்தா சாக்கடைய வரைஞ்சி வெச்சிக்கிறீங்க? அழிங்க."

"எங்க வூடு சார் அது," என்றாள் செல்வி.

"வூட்ட வூட்ல போய்ப் பாத்துக்க."

அழிக்கக்கூட வேறு ஆளை வைக்கவில்லை. சுண்ணாம்பு வாளியை எங்களிடமே கொடுத்தார். செல்வியின் அம்மாவைச் செல்வியே அழித்தாள். பிறகு எங்கள் சட்டைகளில் தெறித்திருந்த சுண்ணாம்பைப் பார்த்து, இந்தக் கோலத்தில் அதிகாரி முன்னால் நிறுத்த முடியாது என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

ஏழைப் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சியை அதிகாரி திறந்துவைத்தபோது நாங்கள் மலையிறங்கி ஆலங்காயம் தாண்டியிருந்தோம்.