விருந்தாளிகள் போன பிறகு வந்த வெள்ளம்

லுவாங்வா ஆற்றங்கரையில் ஆறே ஆறு கூடாரங்கள் கொண்ட சஃபாரி முகாம் அது. கூடாரம் என்றுதான் பேர். உள்ளே அகலக் கட்டில், கொசுவலை, வெந்நீர்க் குளியல் எல்லாம் உண்டு. கணவன் இறந்தபின் கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, அங்கே படுக்கை விரிக்கும் வேலைக்கு வந்தவள் மைலேசி. விடியும்போது கூடாரத்துக்கு வெளியே டீத்தட்டோடு நின்று விருந்தாளிகளை எழுப்புவதும் அவள் வேலைதான். வழியில் யானை நின்றால் அது நகரும்வரை காத்திருப்பாள். டீ ஆறிவிட்டால் திரும்பிப் போய் வேறு போட்டுக்கொண்டு வருவாள்.

மழைக்கு முன் முகாமைக் கலைத்துவிடுவார்கள். ஒரு வருஷம் மழை முந்திக்கொண்டது. கடைசி விருந்தாளிகள் விமானம் ஏறிவிட்டார்கள். வேலையாட்களில் பாதிப் பேரும் லாரியில் போய்விட்டார்கள். மீதிப் பேரை ஏற்ற லாரி திரும்புவதற்குள் ஓடை பொங்கிப் பாதையை அறுத்துவிட்டது. மைலேசியும், சமையல்காரர் யோத்தாமும், துப்பாக்கியோடு விருந்தாளிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் ஜகேயோவும் மாட்டிக்கொண்டார்கள். பள்ளத்திலிருந்த அவர்களுடைய குடிசைகளில் தண்ணீர் புகுந்தது. மேட்டிலிருக்கும் கூடாரங்களில் தங்கிக்கொள்ளுங்கள் என்று முதலாளி வயர்லெஸ்ஸில் சொன்னார்.

அத்தனை வருஷம் தட்டித்தட்டி விரித்த கட்டிலில் படுக்க மைலேசிக்கு மனம் வரவில்லை. ஓரத்தில் சற்று உட்கார்ந்து பார்த்தாள். பிறகு தன் துணியைத் தரையில் விரித்துப் படுத்துக்கொண்டாள்.

காலையில் வெளியே குரல் கேட்டது.

"மேடம், டீ கொண்டு வந்திருக்கேன்."

ஜகேயோ. சொட்டச் சொட்ட நனைந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, தட்டோடு நின்றார்.

"என்னய்யா இது, கிண்டலா?"

"கிண்டல் இல்ல மேடம். ராத்திரி சிங்கம் கத்துனதுல தூக்கம் கெட்டுச்சா?"

அவளே ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "சர்க்கரை பத்தல. மேனேஜரைக் கூப்பிடு."

அடுத்த கூடாரத்தில் யோத்தாம் சிரித்த சிரிப்பு மழையையும் மீறிக் கேட்டது. அன்று இரவு அவள் கட்டிலிலேயே படுத்தாள்.

அதன்பின் மூவரும் விருந்தாளிகளாகவே வாழ்ந்தார்கள். யோத்தாம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு முதல்ல சூப்பு, அப்புறம் சோளக்களி, அதுக்கப்புறம் மறுபடியும் சோளக்களி" என்று அறிவிப்பார். மத்தியானங்களில் மெத்தை நாற்காலிகளில் சாய்ந்து, ஆற்றில் மரங்கள் வேரோடு மிதந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரசவத்தில் செத்துப்போன மனைவியைப் பற்றி ஜகேயோ பேசியது அப்போதுதான். தன் மகள் தன்னைக் கண்டால் பெரியம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள் என்று மைலேசியும் சொன்னாள். வேறு யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

தண்ணீர் இறங்கத் தொடங்கிய சாயங்காலம், ஜகேயோ ஆற்றைப் பார்த்தபடியே பேசினார்.

"பின்னால வர்றவங்க பத்திரமா இருக்காங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்தே பழகிட்டேன். ஊருக்குப் போற பாதையில திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. நீ வர்றியா? புள்ளையையும் கூட்டிக்கிட்டு."

மைலேசி சேறாய்க் கிடந்த பாதையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "பாதை காயட்டும்" என்றாள்.

அந்த மழைக்காலத்திலேயே கல்யாணம் நடந்தது. மகள் முதலில் முறைத்தாள். ஜகேயோ பறவைகளைப் போலக் குரல் கொடுக்கத் தொடங்கியதும் அவர் மடியை விட்டு இறங்கவில்லை. பல வருஷங்களுக்குப் பின் ஆறு கரையைத் தின்றுவிட, முகாமை வேறிடத்துக்கு மாற்றினார்கள். இவர்களும் வேலையை விட்டு ஊரோடு தங்கிவிட்டார்கள்.

இப்போதும் யோத்தாம் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வருவார். வெள்ளம் எத்தனை நாள் நின்றது என்று அவருக்கும் ஜகேயோவுக்கும் சண்டை வரும். மைலேசி அதில் கலந்துகொள்வதில்லை. அவர்கள் பேசப் பேச, நனைந்த கூடாரத் துணியின் வாசனையும் ஆற்றின் இரைச்சலும் அவளிடம் திரும்பி வரும். ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.