பஸ்ஸில் சொன்ன பொய்

கண்டியில் தபாற்கந்தோர் கிளாக்கராக இருந்த நவரட்ணராஜாவுக்கு மூன்று மொழியும் தண்ணீர் பட்ட பாடு. சிங்களம் பேசினால் அந்த ஊர்ச் சிங்களவர் என்றே நினைப்பார்கள். அவர் மனைவி கமலாசனிக்கோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருஷமாகியும் சந்தையில் விலை கேட்கும் அளவு சிங்களம்தான்.

“நீர் வாயைத் திறந்தாலே மாம்பழக்காரன் விலையைக் கூட்டிப்போடுவான்,” என்று பகிடி பண்ணுவார்.

தமிழரைத் தேடித் தேடி அடித்த எண்பத்துமூன்று ஜூலையில் அது பகிடியாக இருக்கவில்லை. ஹேவாஹெட்டயில் ஒரு சிங்களச் சிநேகிதர் வீட்டில் ஒளிந்துகொள்ள இருவரும் பஸ் ஏறினார்கள். பொட்டை அவள் வீட்டிலேயே அழித்திருந்தாள். வழியில் நாலு பேர் பொல்லுகளோடு பஸ்ஸை மறித்து ஏறி, தமிழரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரையும் சிங்களத்தில் பேசச் சொன்னார்கள். அவளுடைய முறை வந்தது.

“மகே நோனா கொளுயி,” என்றார் அவர். என் மனைவி ஊமை.

அவள் வாயைத் தொட்டுத் தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்புக்குக் கீழே அவருடைய விரல்கள் அவள் கையை இறுகப் பிடித்திருந்தன.

சண்டை இன்னும் ஓயாத இரண்டாயிரத்தேழில் அவருடைய ஞாபகம் உதிரத் தொடங்கியது. முதலில் ஆங்கிலம் போயிற்று. பிறகு, யாரும் எதிர்பாராதபடி, தமிழ். மிஞ்சியது சிங்களம்.

“முதல் பேசின பாஷைதான் கடைசி வரைக்கும் நிக்கும் எண்டு சொல்லுவாங்க. இவருக்கு ஏன் மாறி நடக்குதெண்டு விளங்கல்ல,” என்றார் டொக்டர் பஹ்மி. “நீங்க தமிழ்லயே பேசுங்க. சிலநேரம் திரும்பி வரும்.”

கமலாசனிக்கு விளங்கியது. கற்ற வரிசையில் மனிதன் மொழிகளை வைத்திருப்பதில்லை. பயம் எதைப் பற்றிக்கொண்டதோ அதுவே எஞ்சுகிறது. ஆனாலும், “கமலா, தேத்தண்ணி போடும்” என்று அவர் சொல்ல இன்னும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை அவளை விடவில்லை.

“இஞ்சேருங்கோ, நான் கமலா. என்னோட கதையுங்கோவன்.”

அவர் பதறி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். வந்து அவள் வாயைப் பொத்தினார். “கதா கரன்ன எபா,” என்று கெஞ்சினார். பேசாதே, பேசாதே.

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் அவள் பேசிப் பார்த்தாள், மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவள் ஒன்றும் சொல்லாமல் தேநீரை முன்னால் வைத்தாள். குடித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த பஸ்ஸுக்குப் பிறகு அவர் அப்படிப் பிடித்ததே இல்லை.

அடுத்த மாதம் டொக்டர் வீட்டுக்கு வந்தார்.

“எப்படி, தமிழ்ல பேசிப் பார்த்தீங்களா?”

அவள் பதில் சொல்லுமுன் நவரட்ணராஜா முந்திக்கொண்டார். “மகே நோனா கொளுயி, மாத்தையா.”

மேசைக்குக் கீழே அவருடைய விரல்கள் அவள் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டன.

கமலாசனி டொக்டரைப் பார்த்தபடியே வாயைத் தொட்டு, தலையை ஆட்டினாள்.