எஸ்தர் அக்காவின் சாட்சி

துதிக்கக் கையை உயர்த்தினால் மெஷினில் ஊற்றுகிற கூலண்ட் ஆயில் வாடை அடிக்கும். எந்த சோப்புக்கும் அது அசையாது.

அப்போது கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்தில் எங்கள் சபை என்பது டயர் கடைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு மாடி. நைட் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வருகிறவர்கள், ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அப்படியே தூங்கிப்போவார்கள். பாஸ்டர் கண்டுகொள்ள மாட்டார்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ட்ரெயினி. சபையில் பாட்டு நடத்துவேன். கொஞ்சம் குரல் இருந்தது, அதைவிட அதிகமாகத் தலைக்கனம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை பாஸ்டர் கூப்பிட்டார்.

"பிரதர், நாளைக்கு நான் ஒரு அடக்கத்துக்குப் போவணும். செய்தி நீங்களே குடுத்துடுங்க."

முதல் பிரசங்கம்... சும்மா விடுவேனா? அன்றைக்கு வேலை செய்யக் கூடாது என்கிற ஓய்வுநாள் கட்டளையை எடுத்து முக்கால் மணி நேரம் விளாசினேன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், அதுதான் ஓ.டி., பார்க்கிறவர்களை ஒரு வாங்கு வாங்கினேன். கடைசியில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "இனிமே ஞாயித்துக்கெழம ஓ.டி.க்குப் போக மாட்டேன்னு சொல்றவங்க கையத் தூக்குங்க" என்றேன்.

எல்லோரும் தூக்கினார்கள். எங்கள் சபையில் கை தூக்குவது வழக்கம். திங்கட்கிழமை மறந்துபோவதும் வழக்கம்தான்.

அடுத்த சனிக்கிழமை சூப்பர்வைசர் மறுநாள் ஓ.டி. லிஸ்ட்டில் என் பெயரையும் எழுதினார். என்னை பெர்மனென்ட் ஆக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஞாயிறு காலை ஷிப்டுக்குப் போனேன்.

எங்கள் சபையில் கை தூக்கிய வல்லக்கோட்டை எஸ்தர் அக்கா போகவில்லை. வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்குகிறவர். அந்த ஞாயிறு ஓ.டி.யை விட்டுவிட்டுச் சபைக்கு வந்திருக்கிறார். திங்கட்கிழமை கான்ட்ராக்டர் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் அக்கா சபையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வேல பூட்ச்சி பிரதர். ஆனா மனசு லேசா கீது. அந்த செய்தி எனக்குன்னே சொன்னா மாதிரி இருந்திச்சி. ஆமா, இன்னா போன வாரம் உங்களக் காணோம்?"

"காய்ச்சல்க்கா."

"அடப் பாவமே... தெரிஞ்சிருந்தா ஜெபம் பண்ணியிருப்பேனே!"

இன்றைக்கு எங்களுக்குச் சொந்தக் கட்டடம். பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன, செய்தி போனில் லைவாகப் போகிறது. நான் மாதம் ஒருமுறை பிரசங்கம் பண்ணுகிறேன். வேலை போன பிறகு எஸ்தர் அக்கா ஹாஸ்டல் பையன்களுக்கு இட்லிக் கடை போட்டார். நன்றாக ஓடுகிறது. ஞாயிறு மட்டும் பூட்டு.

வருஷக் கடைசி ஆராதனையில் கர்த்தர் தனக்குச் செய்ததைத் தவறாமல் சாட்சியாகச் சொல்வார். "இந்த பிரதர் மட்டும் அன்னிக்கு அப்டி சொல்லலேன்னா..." என்று ஆரம்பித்தாலே சபை அல்லேலூயா போடும். நான் பைபிளைப் புரட்ட ஆரம்பிப்பேன்.

கர்த்தர் செய்ததா, என் வாய்க்கொழுப்பு செய்ததா? உண்மையைச் சொன்னால் என் பாரம் இறங்கும், சரி. அவருடைய சாட்சி என்ன ஆகும்? சொல்லாமல் இருப்பது அவருக்காகவா, எனக்காகவா? இத்தனை வருஷம் ஜெபித்தும் புரியவில்லை.

போன தடவை சாட்சியை முடித்ததும் மைக்கை என்னிடமே நீட்டினார்.

"நீங்களும் ரெண்டு வார்த்த சொல்லுங்க பிரதர்."

சபை முழுக்க என்னைப் பார்த்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே பார்த்தார்.

நான் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டேன்.